வரம்பு யாருக்குக் காவல்?

அளவுகோல் என்பது விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நிற்கும் பொதுச் சாட்சி. இருவர் கையிலும் ஒரே நீளமாய் இருப்பதனாலேயே முழக்கோலுக்கு மதிப்பு உண்டு. துணி நீள நீள முழக்கோலும் உடன் நீளுமாயின், அதனைக் கொண்டு எதனை அளப்பது? இது எளிதில் விடை கூறத்தக்க வினாவாகத் தோன்றும். ஆயினும் உலக வாழ்வில் சில அளவுகள் அசையாது நின்றால் அநீதியாகின்றன. சில அளவுகள் அசைந்தால் அநீதியாகின்றன. எது எப்போது அசையலாம் என்பதை ஆராய்வதற்கு, ஆண்டுதோறும் நீண்டு வரும் ஓர் அளவை நாம் இங்கு எடுத்துக்கொள்வோம். அஃது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டடமானக் கடனுக்கு விதிக்கப்படும் வரம்பாகும்.

கடல் கடந்த நாட்டின் கடன் கணக்கு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் குடியேறி வாழ்கின்றனர். வீடு வாங்கலாமா, வாடகையிலேயே இருந்துவிடலாமா என்று பெற்றோருக்கு எழுதிக் கேட்கின்றனர். அது மட்டுமன்று. ஓர் அரசு தன் குடிமக்களுக்கு எதுவரை துணை நிற்க வேண்டும் என்னும் வினா எந்நாட்டுக்கும் உரியதே. அவ்வினா அங்கே எண்களாக எழுதப்பட்டிருப்பதால் ஆராய்வது எளிதாகின்றது.

முதலில் அதன் நடைமுறையைக் காண்போம். அந்நாட்டில் வீட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கி, பெரும்பாலும் அக்கடனை முப்பதாண்டுக் காலம் தன்னிடமே வைத்துக்கொண்டிருப்பதில்லை. 1938ஆம் ஆண்டு அரசால் தோற்றுவிக்கப்பட்ட ஃபேன்னி மே, 1970ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட ஃப்ரெட்டி மேக் ஆகிய இரு நிறுவனங்கள் அக்கடன் பத்திரங்களை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. பலவற்றை ஒன்றாகக் கட்டி, தவணை தவறினாலும் தாம் பொறுப்பு என்று உறுதி கூறி, முதலீட்டாளர்களுக்கு விற்கின்றன. வங்கியின் கைக்குப் பணம் திரும்புகின்றது. அது மற்றொருவருக்குக் கடன் தருகின்றது. அவ்வுறுதியின் பின்னே அரசு நிற்கும் என்ற நம்பிக்கை இருப்பதனால், இவ்வகைக் கடன் பெரும்பாலும் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கின்றது.

அந்நம்பிக்கை வெறுங் கற்பனையன்று என்பது 2008 செப்டம்பரில் விளங்கிற்று. வீட்டு விலைகள் சரிந்து இரு நிறுவனங்களும் தள்ளாடியபோது, அரசு அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அவற்றைத் தாங்குவதற்குப் பொதுக் கருவூலத்திலிருந்து ஏறத்தாழ 19,000 கோடி டாலர் சென்றது. பிற்காலத்தில் அந்நிறுவனங்கள் அதற்கும் மேற்பட்ட தொகையைக் கருவூலத்துக்குச் செலுத்தின என்பதையும் நடுநிலையோடு கூற வேண்டும். எனினும், ஆபத்து வந்த நாளில் அதனைச் சுமந்தது பொதுமக்களின் தோள் என்பதில் ஐயமில்லை.

பொதுமக்களின் தோள் சுமக்கும் பொருளுக்கு ஒரு வரம்பு வேண்டுமல்லவா? அதனால்தான், எவ்வளவு பெரிய கடன்வரை இந்நிறுவனங்கள் வாங்கலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுத்தது. அரண்மனை வாங்குவோருக்குப் பொதுமக்களின் துணை தேவையில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கே அது தேவை என்பது அதன் உட்கருத்து. எல்லையை மீறிய கடனை அங்கே ‘ஜம்போ’ என்பர். அதனைப் பெறுவோர் அரசின் நிழலின்றித் தம் சொந்த வலுவிலேயே பெற வேண்டும்.

இவ்வரம்பு 1980ஆம் ஆண்டில் 93,750 டாலர். அவ்வாண்டுச் சட்டத்தின்படி, வீட்டு விலையின் ஏற்றத்தையொட்டி ஆண்டுதோறும் இதனைத் திருத்தும் வழக்கம் ஏற்பட்டது. 1990இல் 1,87,450 டாலர். 2000இல் 2,52,700 டாலர். 2006இல் 4,17,000 டாலர். பின்னர் விலைச் சரிவு வந்தது. 2006 முதல் 2016 முடியப் பதினோர் ஆண்டுகள் அவ்வெண் அசையாது நின்றது. 2017இல் 4,24,100 டாலராக மீண்டும் நடக்கத் தொடங்கி, பிறகு ஓடலாயிற்று. 2021இல் 5,48,250 டாலராக இருந்தது, அடுத்த ஆண்டே 6,47,200 டாலராயிற்று. 2024இல் 7,66,550, 2025இல் 8,06,500, 2026ஆம் ஆண்டுக்கு 8,32,750 டாலர்.

இது நாடு முழுமைக்கும் அடிப்படையான எண். ஆனால் ஊருக்கு ஊர் விலை ஒன்றாய் இருப்பதில்லை. ஆகவே 2008ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் வட்டாரந்தோறும் தனி வரம்புக்கு வழி செய்தது. கவுண்டி எனப்படும் மாவட்டங்களை அலகாகக் கொண்டு, ஒரு வட்டாரத்தில் வீடுகளின் நடுவிலை யாது எனக் காண்பர். பாதி வீடுகள் அதற்குக் கீழும் பாதி வீடுகள் அதற்கு மேலும் விலைபோவதே நடுவிலை. அதனோடு நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூட்டிய தொகை அடிப்படை எண்ணை விஞ்சுமாயின், அதுவே அவ்வட்டாரத்தின் வரம்பாகும். ஆயினும் அடிப்படை எண்ணின் ஒன்றரை மடங்கைத் தாண்டலாகாது. இக்கணக்கின்படி 2025ஆம் ஆண்டில் ஒரே கலிஃபோர்னியா மாநிலத்துக்குள், உழவர்கள் நிறைந்த ஃப்ரெஸ்னோ கவுண்டியின் வரம்பு 8,06,500 டாலர். சான் ஃபிரான்சிஸ்கோவின் வரம்பு 12,09,750 டாலர்.

ஒரு வட்டாரத்தின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நம் ஆராய்ச்சிக்கு உதவும். கலிஃபோர்னியாவின் தென்கோடியிலுள்ள சான் டியாகோ கவுண்டியை எடுத்துக்கொள்வோம். 2007இல் நாட்டின் பிற பகுதிகளைப் போலவே அங்கும் 4,17,000 டாலர்தான். 2008இல் பொருளாதாரம் நலிவுற்றபோது இயற்றிய தற்காலிகச் சட்டத்தால் அது 6,97,500 டாலராக உயர்ந்தது. அத்தற்காலிக ஏற்பாடு 2011 செப்டம்பரோடு முடிந்தது. அடுத்த நாளே வரம்பு 5,46,250 டாலராக இறங்கிற்று. முதல்நாள் வரம்புக்குள் இருந்த ஒருவர், மறுநாள் அதே வீட்டுக்கு, அதே வருவாயில், வரம்புக்கு வெளியே நின்றார். 2019இல் அது 6,90,000, 2022இல் 8,79,750, 2024இல் 10,06,250, 2025இல் 10,77,550 டாலர். நாம் மேலே கூறிய கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், அங்கே வீட்டின் நடுவிலையாகக் கொள்ளப்பட்டது 2019ஆம் ஆண்டு வரம்புக்கு 6,00,000 டாலர் என்பதும், 2025ஆம் ஆண்டு வரம்புக்கு 9,37,000 டாலர் என்பதும் தெரியவரும். ஆறே ஆண்டுகளில் ஒன்றரை மடங்குக்கு மேல்!

இனி நம் வினாவுக்கு வருவோம். இவ்வரம்பு விலையோடு நடப்பது நீதியா?

நீதியே என்போரின் வாதம் வலுவுடையது. எண்ணை அசையாது நிறுத்தினால் நீதி நிலைத்துவிடுவதில்லை. எண் நிற்க, அதன் பொருள் தேய்ந்துவிடுகின்றது. ஜகாத்துக்குரிய நிஸாபை நாம் அறிவோம். பொன்னில் இருபது தீனாரும் வெள்ளியில் இருநூறு திர்ஹமும் ஒரு காலத்தில் ஏறத்தாழச் சமமான மதிப்புடையனவாக இருந்தன. இன்று பொன்னின் நிஸாபுக்கும் வெள்ளியின் நிஸாபுக்கும் இடையே உள்ள தொலைவு பன்மடங்கு. எண்கள் மாறவில்லை, உலகம் மாறிற்று. அதனால் எதனைக் கொண்டு கணக்கிடுவது என்று உலமாக்கள் இன்றளவும் ஆராய வேண்டியிருக்கின்றது. அவ்வாறே 93,750 டாலர் என்னும் பழைய எண் இன்றும் நின்றிருக்குமாயின், சான் டியாகோவில் பணிபுரியும் செவிலியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அத்துணை பெயரளவில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்ததும் இதற்குச் சான்றாக எடுத்துரைக்கத்தக்கது. உயிரிழப்புக்குரிய ஈட்டுத்தொகையான தியத், நூறு ஒட்டகங்களை அடிப்படையாகக் கொண்டது. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அதன் மதிப்பு 800 தீனார் அல்லது 8,000 திர்ஹமாக இருந்தது. பிற்பாடு ஒட்டகத்தின் விலை ஏறிவிட்டது. அதனைச் சுட்டிக்காட்டி, பொன் உடையோருக்கு 1,000 தீனார் என்றும் வெள்ளி உடையோருக்கு 12,000 திர்ஹம் என்றும் கலீஃபா அவர்கள் திருத்தியமைத்ததாக அபூதாவூதின் தொகுப்பில் காண்கிறோம். விலை மாறியபோது எண்ணும் மாறிற்று. யாரும் அதனை அளவுகோலை நீட்டிய குற்றமாகக் கருதவில்லை.

ஏன் கருதவில்லை என்பதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். அங்கே மாறியது நாணயத்தின் எண்ணிக்கை மட்டுமே, உரிமை மாறவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு நூறு ஒட்டகத்தின் மதிப்பு என்னும் உரிமை முன்னும் பின்னும் ஒன்றாகவே நின்றது. உரிமை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே எண் அசைந்தது. இதிலிருந்து ஓர் உரைகல் நமக்குக் கிடைக்கின்றது: ஒரு வரம்பு மாறும்போது, அது யாருக்காக வகுக்கப்பட்டதோ அவருடைய நிலை காக்கப்படுகின்றதா? காக்கப்பட்டால் அம்மாற்றம் நீதி. இல்லையேல், கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் அது நீதியாகாது.

இவ்வுரைகல்லில் அமெரிக்க வரம்பை உரைத்துப் பார்ப்போம். 1980இல் அந்நாட்டுக் குடும்பங்களின் நடுவருவாய் ஆண்டுக்கு 17,710 டாலர். 93,750 டாலர் என்னும் வரம்பு அதனைப்போல் ஐந்தேகால் மடங்கு. 2024இல் நடுவருவாய் 83,730 டாலர்; வரம்பு 7,66,550 டாலர். இப்போது ஒன்பது மடங்குக்கு மேல்! அந்நாற்பத்து நான்கு ஆண்டுகளில் பொதுவான விலைவாசி நான்கு மடங்கை எட்டவில்லை. வருவாய் ஐந்து மடங்கை எட்டவில்லை. வரம்போ எட்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நடுத்தரக் குடும்பத்துக்கென வகுத்த எல்லை, நடுத்தரக் குடும்பத்தைப் பின்னே விட்டுத் தனியே நடந்துவிட்டது. ஒட்டகத்தின் கதையில் எண் உரிமையைத் தொடர்ந்து சென்றது. இங்கே எண் விலையைத் தொடர்ந்து செல்கின்றது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

“வரம்பை உயர்த்தாவிட்டால் விலை இறங்கிவிடுமா?” என்று எதிர்த்தரப்பார் கேட்பர். இறங்கிவிடும் என்று நாம் வாதிக்கவில்லை. 2006க்குப் பின் பதினோர் ஆண்டுகள் அடிப்படை எண் அசையாது நின்றது. அதன் பிற்பகுதியில் விலைகள் மீண்டும் ஏறத்தான் செய்தன. கலிஃபோர்னியக் கடற்கரை ஊர்களில் வீட்டு விலை ஏறுவதற்கு முதற்காரணம், பிழைக்க வருவோர் பெருகிய அளவுக்கு வீடுகள் கட்டப்படாமையே. ஒரு மனைக்கு ஒரே வீடு என்னும் ஊர்விதிகளும், அண்டையில் புதுக் கட்டடம் எழுவதை விரும்பாத பழங்குடியிருப்போரின் எதிர்ப்பும் அதற்குத் துணை. வரம்பை இறுக்கிப் பிடித்தால் வீடு பெருகாது. வரம்பைத் தளர்த்தினாலும் வீடு பெருகாது.

நம் ஐயம் எழுவது இவ்விடத்தில்தான். மதில் உயர உயர ஏணியையும் நீட்டிக் கொடுப்பது கருணை போலத் தோன்றும். ஆனால் மதிலின்மேல் இருக்கும் இடம் பெருகாதபோது, நீண்ட ஏணிகளைப் பெற்றவர் யாவரும் அதே சிறு இடத்துக்கே போட்டியிடுகின்றனர். அப்போட்டியில் ஏணியின் பயன் பெரும்பாலும் ஏறுபவனுக்குச் சேர்வதில்லை. மேலேயிருந்து இடத்தை விற்பவனுக்கே சேர்கின்றது. ஏறியவனுக்கோ முப்பதாண்டுக் கடன் மிஞ்சுகின்றது. கடன் வாங்கும் வசதியை அதிகப்படுத்துவது வேறு. வாழ்வதற்கு இடம் அளிப்பது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்துவிட்டதாக எண்ணி மனநிறைவு கொள்ளும் அரசு, தன்னையே ஏமாற்றிக்கொள்கின்றது.

இவ்வரம்பில் இன்னொரு தன்மையும் உண்டு. 1990ஆம் ஆண்டில் ஒருமுறை அடிப்படை எண் 150 டாலர் குறைந்ததுண்டு. ஆனால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அவ்வெண் இறங்கலாகாது. விலை விழுந்தால் வரம்பு நிற்கும். விழுந்த விலை பழைய நிலையை எட்டிய பின்னரே மீண்டும் ஏறும். இதற்கும் காரணம் உண்டு. விலை சரியும் நேரத்தில் வரம்பையும் குறைத்தால், கடன் கிடைப்பது அரிதாகி, சரிவு மேலும் ஆழமாகும். ஏற்கெனவே வீடு வாங்கியோர் நசுங்குவர். இக்காரணத்தை நாம் இலேசாகக் கருதவில்லை. எனினும் இதில் மறைந்துள்ள ஒருதலைச் சாய்வையும் கண்டுகொள்ள வேண்டும். ஏறும்போது உடன் ஏறி, இறங்கும்போது இறங்க மறுக்கும் தராசு, உள்ளே இருப்போரின் அச்சத்துக்கு மருந்து தருகின்றது. வெளியே காத்திருப்போரின் நம்பிக்கைக்கு அத்தகைய மருந்து ஏதும் தருவதில்லை. வீடு உடையவனுக்கு விலைச் சரிவு துன்பம். வீடில்லாதவனுக்கு விலையேற்றமும் அதேபோல் துன்பமே. முன்னவனின் துன்பத்தைச் சட்டம் அறிந்திருக்கின்றது. பின்னவனின் துன்பத்துக்கு அது வைத்திருக்கும் மருந்து, இன்னும் பெரிய கடனேயாகும்.

வட்டியில் ஈடுபடாத முஸ்லிம் குடும்பத்துக்கு இக்கணக்கில் பங்கில்லை என்று எண்ணிவிடலாகாது. 1990களின் பிற்பகுதியில் அந்நாட்டு வங்கிக் கண்காணிப்புத் துறை, இஜாரா, முராபஹா முறைகளில் வீடு வாங்க வங்கிகள் உதவலாம் என்று இசைவளித்தது. அதன் பின்னர் அவ்வகை ஒப்பந்தங்களையும் ஃப்ரெட்டி மேக், ஃபேன்னி மே ஆகியவை வாங்கத் தலைப்பட்டன. அவ்வாறு வாங்கும்போது அதே வரம்பே அவற்றுக்கும் பொருந்துகின்றது. ஒப்பந்தத்தின் வடிவம் மார்க்கத்துக்கு இசைந்ததா என்பதை ஃபிக்ஹு வல்லுநர்கள் ஆராய்கின்றனர். கருத்து வேறுபாடுகளும் உள்ளன. அவ்வாராய்ச்சி முடிந்த பிறகும், “இச்சுமை எம்மால் தாங்கத்தக்கதா?” என்னும் வினா எஞ்சியே நிற்கும். வட்டி என்னும் பெயரை நீக்கிவிட்டதனால், ஆண்டு வருவாயைப்போல் ஒன்பது பத்து மடங்கு பொறுப்பு இலேசாகிவிடாது.

இங்கே நம் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒன்று கூற விழைகிறோம். வரம்பு என்பது ஒரு பொருளைக் குறிக்க, கேட்போர் வேறொரு பொருள் கொள்வது எங்கும் காணும் வழக்கம். “பத்து இலட்சம் டாலர்வரை கடன் கிடைக்குமாம்” என்று ஒருவர் சொல்ல, “அவ்வளவுக்கு வாங்கலாம் என்று அரசே கூறிவிட்டதே” என்று மற்றவர் எடுத்துக்கொள்கின்றனர். அரசு கூறுவது அதுவன்று. எதுவரை நாம் பின்னிற்போம் என்பதையே அரசு கூறுகின்றது. எதுவரை நீ தாங்குவாய் என்பதை அது கூறவில்லை. கடன் தருவோர் வருவாயைக் கேட்டுச் சரிபார்ப்பது உண்மையே. ஆனால் அவர்கள் பார்ப்பது தவணை தவறாது வருமா என்பதை. அத்தவணையைச் செலுத்திய பின் பிள்ளைகளின் கல்விக்கும், முதிய பெற்றோரின் மருந்துக்கும், வேலையிழந்த மாதங்களுக்கும் கையில் என்ன மிஞ்சும் என்பதைக் குடும்பமே பார்க்க வேண்டும். ஊரார் வகுத்த எல்லைக்கு முன்னதாகத் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொள்ளாத குடும்பம், ஊரார் எல்லையையே தன் இலக்காக்கிக்கொள்ளும்.

அரபு மொழியில் எல்லைக்கு ‘ஹத்’ என்பது பெயர். அதன் வேர்ப்பொருள் தடுத்தல். அதே வேரிலிருந்து, வாயிற்காவலனை ‘ஹத்தாத்’ என்றும் அகராதி வல்லார் குறிப்பிடுவர்; உள்ளே நுழையத் தகாதவரை அவன் தடுப்பதால் அப்பெயர். இச்சொல்லாய்வு நம் வினாவுக்கு ஒளி தருகின்றது. எல்லை என்று ஒன்றிருந்தால், அஃது ஒருவரைக் காப்பதற்காக மற்றொருவரைத் தடுக்க வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்குரிய பொதுத்துணையை மிகு செல்வர் எடுத்துக்கொள்ளாதவாறு தடுக்கவே இவ்வரம்பு வாயிலில் நிறுத்தப்பட்டது. செல்வரின் வண்டி வரும்போதெல்லாம் ஓரடி பின்வாங்கும் காவலன், ஒருநாள் வாயிலை விட்டே போய்விடுவான். பெயர் மட்டும் காவலன் என்றே இருக்கும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? எண்ணை உறையவிடுவதன்று, அது செவிலியரையும் ஆசிரியரையுமே முதலில் வெளியேற்றும். விலையைக் கண்ணாற் காணும் அவ்வரம்பு, வருவாயையும் காண வேண்டும் என்பதே நம் கருத்து. ஒரு வட்டாரத்தில் வீட்டு விலை எவ்வளவு ஏறிற்று என்று ஆண்டுதோறும் அளப்போர், அங்கே உழைப்போரின் வருவாய் எவ்வளவு ஏறிற்று என்பதையும், எத்தனை புது வீடுகள் எழுந்தன என்பதையும் உடன் வைத்து அறிவிக்கட்டும். வருவாயை விட்டு விலை வெகுதூரம் விலகிய இடத்தில், வரம்பை உயர்த்துவதோடு தம் கடமை முடிந்தது என்று கருதாது, வீடு கட்டுவதற்குள்ள தடைகளை நீக்கட்டும். அப்போதுதான், உயரும் வரம்பு தேவையுடையவனுக்குத் துணையா, இடம் விற்பவனுக்கு வெகுமதியா என்பது யாவருக்கும் விளங்கும்.

அளவு மாறலாம், மாறவும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும், அவ்வளவு யாருக்காக ஏற்பட்டதோ அவர் எங்கே நிற்கின்றார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அரசுக்குள்ள இக்கடமை, வீட்டுக் கணக்கு எழுதும் நமக்கும் உண்டு.